“மனதுக்குள் நினைத்தான்”: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. கதையில் வருகிறவர்கள் பேசுவதையும் நினைப்பதையும் எப்படி எழுதுவது? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிறுகதைகளைத் தேர்வு செய்யும் மேசையில் உட்கார்ந்திருக்கிறவள் என்ற முறையில் எனக்கு இதில் சொல்லவும் நிறைய இருக்கிறது, புலம்பவும் இருக்கிறது.

கேள்வி: உரையாடலில் ‘என்றான்’, ‘என்றாள்’ என்றே எழுதினால் சலிப்பாக இருக்கிறது என்கிறார் என் நண்பர். ‘வினவினான்’, ‘பதிலிறுத்தான்’, ‘கர்ஜித்தான்’, ‘கிசுகிசுத்தாள்’ என்று மாற்றி மாற்றி எழுதச் சொல்கிறார். செய்யலாமா?
*முதல் சிறுகதையை முடித்திருக்கும் வாசகர்*

வேண்டாம். ‘என்றான்’ என்பதை வாசகர் படிப்பதே இல்லை. கண் அதன் மேல் நிற்காமல் தாண்டிப் போய்விடுகிறது. அதுதான் அந்தச் சொல்லின் அருமை. ‘பதிலிறுத்தான்’ என்று வந்ததும் கண் நிற்கிறது, பேசியவனை விட்டுவிட்டு எழுதியவரைப் பார்க்கிறது. அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லெனார்ட் 2001-ல் எழுத்துக்குப் பத்து விதிகள் எழுதினார். உரையாடலைச் சுமக்க ‘சொன்னான்’ தவிர வேறு வினைச்சொல்லைத் தொடாதே என்பது அவற்றில் ஒன்று. கிசுகிசுப்பதை மட்டும் நான் விட்டுவிடுவேன், ஏனென்றால் அது காதில் விழும் ஒரு தகவல். கர்ஜனைக்கு அனுமதி இல்லை.

ஆனால் தமிழில் நமக்கு வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. யார் பேசினார் என்பது கடைசியில்தான் வருகிறது. ஐந்து வரிப் பேச்சு முடிந்தபிறகு ‘என்றார் பெரியவர்’ என்று வந்தால், அதுவரை அதைப் பேரனின் குரலில் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் போய் மறுபடி படிக்க வேண்டும். அதனால் பேசப் போகிறவரை முன்னாலேயே ஒரு செயலோடு காட்டிவிடுங்கள்:

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். “இதுல இருக்கிற கையெழுத்து என்னோடது இல்ல.”

‘என்றார்’ தேவையே படவில்லை. நம் மொழி தரும் இன்னொரு வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை:

“நீ எப்ப வந்த?”
“இப்பத்தான். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க.”
“எழுப்பியிருக்கலாம்ல?”
“எழுப்பினா திட்டுவீங்க.”

நான்கு வரி. ஒரு ‘என்றான்’கூட இல்லை, குழப்பமும் இல்லை. யார் பெரியவர், யார் சின்னவர், இருவருக்கும் நடுவே எவ்வளவு நெருக்கம், எவ்வளவு பயம் என்பதெல்லாம் ‘நீ’யிலும் ‘நீங்க’ளிலும் இருக்கிறது. அடுத்த வரியில் அந்த ‘நீங்க’ திடீரென்று ‘நீ’ ஆகிவிட்டால், அதற்கு மேல் ‘அவன் ஆத்திரத்தில் மரியாதையை மறந்தான்’ என்று நீங்கள் விளக்கம் எழுத வேண்டியதில்லை. இருவரும் ‘நீ’ போட்டுப் பேசும் நண்பர்கள் என்றால் இந்த வசதி கிடையாது. அப்போது நாலைந்து வரிக்கு ஒருமுறை ஒரு ‘என்றான்’ போட்டுவிடுங்கள், போதும்.

அப்புறம், “போடா” சிரித்தாள், “வரமாட்டேன்” தோளைக் குலுக்கினாள் என்று எழுதுவது இப்போது அதிகமாகிவிட்டது. தோளால் யாரும் பேசுவதில்லை. பேச்சை ஒரு வாக்கியமாக முடியுங்கள், தோளை அடுத்த வாக்கியத்தில் குலுக்கட்டும்.

கேள்வி: என் நாவலில் கதை சொல்வது எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில். பாத்திரம் நினைப்பதை எந்தத் தமிழில் எழுதுவது? மேற்கோள் குறிக்குள் போட வேண்டுமா, சாய்வெழுத்திலா? ஒவ்வொரு முறை திருத்தும்போதும் ஒரு மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.
*திருத்தித் திருத்தி ஓய்ந்துபோன வாசகி*

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு சின்னச் சூழலை வைத்துக்கொள்வோம். கமலாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. நாளை அவளுடைய அக்கா வருகிறாள். கமலா ஒரு விஷயத்தை அக்காவிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறாள். இதை மூன்று விதமாக எழுதலாம்.

முதல் விதம்:
‘நாளைக்கு அக்கா வர்றா. என்ன சொல்லிச் சமாளிக்கப் போறேன்?’ என்று கமலா நினைத்தாள்.

இரண்டாம் விதம்:
மறுநாள் தன் அக்கா வரப்போவதையும், அவளிடம் உண்மையை மறைக்க முடியாது என்பதையும் எண்ணிக் கமலா கலங்கினாள்.

மூன்றாம் விதம்:
கமலா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். நாளை அக்கா வருகிறாள். என்ன சொல்லிச் சமாளிப்பது? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டைக் கண்ணால் அளந்துவிடுவாள். எதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது, இது மட்டும் தெரியாமல் போக?

பள்ளிக்கூட இலக்கணத்தில் முதலாவது நேர்கூற்று, இரண்டாவது அயற்கூற்று. மூன்றாவதற்கு அந்தப் பாடத்தில் இடம் இல்லை. மேற்கோள் குறி இல்லை, ‘நினைத்தாள்’ இல்லை, ‘நான்’ என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் அந்தக் கவலை கமலாவுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. மேலைநாட்டு நாவலில் ஜேன் ஆஸ்டின் 1810களிலேயே இதை லாகவமாகக் கையாண்டார். பிரெஞ்சில் ஃப்ளோபேர் இதைத் தன் முக்கியமான கருவியாக்கினார். ஜெனீவாவைச் சேர்ந்த மொழியியலாளர் ஷார்ல் பாலி 1912-ல்தான் இதைத் தனியாக எடுத்து, ‘கட்டற்ற அயற்கூற்று’ என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார். பெயர் வருவதற்கு நூறு வருடம் முன்பே எழுத்தாளர்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். கோட்பாட்டைப் படித்துவிட்டுத்தான் நாவலைத் தொடுவேன் என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

சரி, மூன்றாவது விதம் தமிழில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

‘அக்கா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்கிறவருக்கு அவள் அக்கா இல்லை, கமலாவுக்குத்தான் அக்கா. கதைசொல்லி வாயில் ‘அக்கா’ வந்த அந்த நொடியிலேயே நாம் கமலாவின் தலைக்குள் போய்விட்டோம். அதே இடத்தில் ‘விமலா’ என்று பெயரைப் போட்டிருந்தால் வெளியே நின்றிருப்போம். அடுத்தது ‘நாளை’. அயற்கூற்றில் அது ‘மறுநாள்’ ஆகிவிடும் என்று மனப்பாடம் செய்தோமே, இங்கே அப்படி ஆகவில்லை. கமலாவின் நாளை, நாளையாகவே நிற்கிறது. அதைவிடவும் நுட்பமானது ‘சமாளிப்பது’. தமிழில் ‘சமாளிப்பேன்’ என்றால் நான், ‘சமாளிப்பாள்’ என்றால் அவள். வினையின் வால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ‘என்ன சொல்வது’, ‘போகத்தான் வேண்டும்’, ‘இனி முடியாது’, ‘அவ்வளவும் தெரியும்’ போன்றவற்றுக்கு அந்த வால் கிடையாது. அவை நானுக்கும் பொருந்தும், அவளுக்கும் பொருந்தும். கதைசொல்லியிடமிருந்து பாத்திரத்திடம் சத்தமில்லாமல் வழுக்கிப் போக இதைவிட வசதியான வாசல் வேண்டுமா?

மரியாதை விகுதியும் அப்படித்தான். இதைப் பாருங்கள்:

மேலாளர் உள்ளே நுழைந்தார். “வாங்க சார்” என்று முருகேசன் எழுந்து நின்றான். வந்துட்டான். இனி சாயந்திரம் வரை மூச்சு விட முடியாது.

‘நுழைந்தார்’ கதைசொல்லியின் மரியாதை. ‘வாங்க சார்’ முருகேசனின் வாய். ‘வந்துட்டான்’ முருகேசனின் வயிறு. ஒரே ஆளுக்கு மூன்று வரிக்குள் மூன்று மரியாதை. ‘முருகேசனுக்கு மேலாளரைப் பிடிக்காது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு ‘ஆன்’ விகுதி போதுமாக இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்தத் தமிழ்? என் விருப்பத்தைச் சொல்கிறேன், விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணத்தை எழுத்துத் தமிழின் இலக்கணத்திலேயே ஓட விடுங்கள், சொற்களை மட்டும் அந்தப் பாத்திரத்தின் பையிலிருந்து எடுங்கள். கமலா ‘கண்ணால் அளந்துவிடுவாள்’ என்றுதான் நினைப்பாள். ‘நுணுகி ஆராய்வாள்’ என்று நினைக்கிறவள் வேறு கமலா. எங்கே உணர்ச்சி கொதிக்கிறதோ அங்கே ஒரே ஒரு சொல்லை, அல்லது ஒரு சின்ன வாக்கியத்தை, பேச்சுத் தமிழில் வெடிக்க விடலாம், அந்த ‘வந்துட்டான்’ மாதிரி. பக்கம் முழுக்க எண்ணங்களைப் பேச்சுத் தமிழில் எழுதினால் அந்த வெடிக்கு மதிப்பு போய்விடும். அப்படி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் மொத்தக் கதையையும் தன்மையில், அந்த ஆளே சொல்வதாக, அவருடைய பேச்சிலேயே எழுதிவிடுங்கள். அது இன்னும் நேர்மையாக இருக்கும்.

மேற்கோள் குறியை வாய்திறந்து பேசியதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணத்துக்கும் அதே குறி போட்டால், அவள் சத்தமாகச் சொன்னாளா இல்லையா என்று வாசகர் ஒவ்வொரு முறையும் வரியின் கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். சாய்வெழுத்து நமக்கு இயல்பானது இல்லை. நேராக இருக்கும் எழுத்தைக் கணினி அப்படியே சரித்துக் கொடுக்கிறது, சுழிகளும் கொம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஒரு வரிக்குச் சரி. அரைப்பக்கம் சாய்வெழுத்தில் வரும் கதைகளைப் படிக்கும்போது நானும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

‘மனதுக்குள் நினைத்தான்’ என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். வேறு எதற்குள் நினைப்பான்?

கேள்வி: என் கதையில் ஒருவன் தன் மனைவியைப் பற்றி மிக மோசமாக நினைக்கிறான். அதை நீங்கள் சொல்லும் மாதிரிதான், மேற்கோள் இல்லாமல் எழுதியிருந்தேன். படித்த உறவினர்கள் அது என் கருத்து என்று முடிவு செய்துவிட்டார்கள். ‘என்று அவன் நினைத்தான்’ என்று சேர்த்துவிடட்டுமா?
*வீட்டில் பேச்சு வார்த்தை இல்லாத வாசகர்*

உங்களுக்குத் துணையாகப் பெரிய ஆள் இருக்கிறார். ‘மதாம் பொவாரி’ நாவலுக்காக ஃப்ளோபேர் மீது 1857-ல் பாரிஸில் வழக்கே நடந்தது. முறைகேடான உறவில் விழுந்த கதாநாயகி கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பூரிக்கும் ஓர் இடம் நாவலில் வருகிறது. அந்தப் பூரிப்பைக் காட்டி, இது ஒழுக்கக்கேட்டைப் புகழும் எழுத்து என்று அரசுத் தரப்பு வாதிட்டது. பூரிப்பு அவளுடையது, நாவலாசிரியருடையது இல்லை. ஆனால் ‘இது தவறு’ என்று சொல்ல ஃப்ளோபேர் பக்கத்தில் வந்து நிற்கவில்லை, அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்த உத்தியின் விலை இது. கதைசொல்லியும் பாத்திரமும் ஒரே வாக்கியத்துக்குள் நிற்கும்போது, யார் எங்கே முடிகிறார் என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு வாசகரிடம் போகிறது. சிலர் அதை ஏற்க மாட்டார்கள். அவர்களுக்காக ‘என்று அவன் நினைத்தான்’ சேர்க்காதீர்கள், அது மன்னிப்புக் கடிதம் மாதிரி இருக்கும். மனைவி செய்யும் ஏதாவது ஒரு காரியத்தை, அவன் நினைப்புக்கு நேர்மாறாக இருப்பதை, பக்கத்திலேயே சும்மா காட்டுங்கள். அவன் ‘சோம்பேறி’ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவள் அவனுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கட்டும். கவனமாகப் படிக்கிறவர்களுக்கு அது போதும். உறவினர்களுக்கு எதுவும் போதாது.

கேள்வி: எல்லாப் பேச்சையும் உரையாடலாகவே எழுத வேண்டுமா? என் கதையில் இருவர் பேசிக்கொள்வது எட்டுப் பக்கம் போகிறது.

வேண்டாம். எதை நேரில் கேட்க வேண்டும், எதைக் காதில் போட்டுக்கொண்டால் போதும் என்று முதலில் பிரியுங்கள். வணக்கம், நலமா, எப்போது வந்தீர்கள், வழியில் கூட்டமா என்பதையெல்லாம் ‘கொஞ்ச நேரம் எதையெதையோ பேசினார்கள்’ என்று ஒரே வரியில் தாண்டலாம். பேச்சில் நிலைமை திரும்பும் இடம் ஒன்று இருக்கும். மேற்கோள் குறியை அங்கே திறங்கள்.

இடைப்பட்ட வழி ஒன்றும் இருக்கிறது. நம் வாயில் தினமும் புழங்குகிறது, கதைகளில்தான் குறைவாகக் கண்ணில் படுகிறது. ‘ஆம்’ என்ற ஒட்டைச் சொல்கிறேன்.

தம்பி வந்தான். தலைவலியாம். இரவெல்லாம் தூக்கம் இல்லையாம். பணத்தை அடுத்த மாதம் கண்டிப்பாகக் கொடுத்துவிடுவானாம்.

தம்பி பேசிய பத்து நிமிடம் இதில் அடங்கிவிட்டது. அவன் சொன்னதும் இருக்கிறது, கேட்டவர் அதை நம்பவில்லை என்பதும் இருக்கிறது. ‘அவன் பொய் சொல்கிறான் என்று அவருக்குப் பட்டது’ என்று தனியாக எழுதிப் பாருங்கள், எவ்வளவு பாரமாக விழுகிறது என்று தெரியும். ஒரு எச்சரிக்கை: ‘ஆம்’ எப்போதும் அவநம்பிக்கை ஆகிவிடாது. ‘குழந்தை பிறந்திருக்கிறதாம்’ என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை, செய்தி பிறர் வழியாக வந்தது, அவ்வளவுதான். சுற்றியிருக்கும் வரிகள்தான் அதன் சுருதியை முடிவு செய்யும்.

உங்கள் எட்டுப் பக்கத்தை இப்படி வகை பிரித்தால் மூன்று பக்கத்துக்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன். ஐந்து வந்தாலும் சரி.

கேள்வி: பேச்சு வழக்கை எழுதும்போது ‘வராங்க’, ‘வர்றாங்க’, ‘வாறாங்க’ என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எது சரி? வட்டார வழக்கை முழுதாக எழுதினால் மற்றப் பகுதியினருக்குப் புரியுமா?

மூன்றும் சரிதான், வெவ்வேறு வாய்கள். ஒரு பாத்திரத்துக்கு ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள். ஒரே ஆள் முதல் பக்கத்தில் ‘வராங்க’ என்றும் மூன்றாம் பக்கத்தில் ‘வர்றாங்க’ என்றும் பேசினால் அது அச்சுப்பிழையா, ஆள்மாறாட்டமா என்று எனக்குத் தெரிவதில்லை.

ஒலியை அப்படியே எழுத்தில் பிடிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. பேசும்போது ‘வந்தான்’ என்பதன் கடைசி ‘ன்’ மூக்கில் கரைந்துவிடுகிறது. அதற்கு நம்மிடம் எழுத்து இல்லை. இருந்தும் ‘வந்தான்’ என்று எழுதியதை எல்லோரும் பேச்சாகவே வாசிக்கிறார்கள். வாசகருக்கு அந்தத் திறமை உண்டு, அதை நம்பலாம். ஒரு வட்டாரத்தின் ருசி திரிந்த எழுத்துக்கூட்டலில் இருப்பதைவிட, அங்கே மட்டும் புழங்கும் சொல்லிலும், வாக்கியத்தைத் தொடங்கி முடிக்கும் விதத்திலும், எதை நேராகச் சொல்வார்கள் எதைச் சுற்றிச் சொல்வார்கள் என்பதிலும்தான் அதிகம் இருக்கிறது. புரியாத சொல் பத்தில் ஒன்று இருந்தால் யாரும் புத்தகத்தை மூடுவதில்லை. அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போட்டால் நான் மூடுவேன்.

இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. வேலைக்காரர், காவலாளி, கிழவி ஆகியோர் மட்டும் கொச்சையாகப் பேச, அதே கதையில் பேராசிரியரும் அவர் மகளும் ‘நான் நாளை வருகிறேன், அப்பா’ என்று செய்தி வாசிக்கிறார்கள். தமிழில் வீட்டுக்குள் அப்படிப் பேசும் பேராசிரியர் யார்? எல்லோருக்கும் பேச்சு வழக்கு இருக்கிறது. சிலருடைய பேச்சை மட்டும் ஒலிமாற்றி எழுதினால், கதைசொல்லி யாரைச் சமமாக நினைக்கிறார், யாரை வேடிக்கை பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். பேராசிரியரையும் ‘நாளைக்கு வரேன்’ என்று பேச விடுங்கள். அல்லது எல்லோரையும் எழுத்துத் தமிழில் பேச வையுங்கள், அதற்கும் நல்ல மரபு உண்டு.

கேள்வி: ஒற்றை மேற்கோளா, இரட்டை மேற்கோளா, கோடா?

எதுவானாலும் சரி, மாற்றாமல் இருந்தால் போதும். ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் மேற்கோள் குறியை வெறுத்துக் கோடு போட்டார். போர்த்துகீசிய நாவலாசிரியர் சரமாகு ஒரு காற்புள்ளியோடு அடுத்தவரின் பேச்சைத் தொடங்கிவிடுவார்.

நம் ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் எதுவும் கிடையாது. ‘என்று’, ‘என’ ஆகியவை பேச்சின் முடிவைக் காட்டிவிட்டன. ஆனால் அது எங்கே தொடங்கியது என்று காட்டத் தமிழில் சொல் இல்லை. ‘ரவி நான் வரமாட்டேன் என்று சொன்னான்’ என்று குறியில்லாமல் எழுதினால், வராதது ரவியா அல்லது இதைச் சொல்கிற நானா? அதனால் தமிழில் திறக்கும் குறிதான் உண்மையில் உழைக்கிறது. மூடும் குறி துணைக்கு வருகிறது. குறியே வேண்டாம் என்கிற துணிச்சல்காரர்கள் பேச்சின் தொடக்கத்தை வேறு எப்படியாவது, புது வரியாலோ ஒரு விளியாலோ, காட்டிவிடுங்கள்.

கேள்வி: நனவோடை என்றால் முற்றுப்புள்ளி, காற்புள்ளி இல்லாமல் எழுதுவதுதானே? இதெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள்.
*கல்லூரி மாணவர்*

முதல் பாதிக்கு: இல்லை. பாத்திரத்தின் மனதில் எண்ணங்கள் ஓடும் போக்கிலேயே எழுதுவதுதான் நனவோடை. மனம் ஓர் ஓட்டமாகப் போகிறது என்ற உருவகத்தைப் பரவச் செய்தவர் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், 1890-ல். 1918-ல் ஆங்கில எழுத்தாளர் மே சின்க்ளேர், இன்னோர் ஆங்கில எழுத்தாளரான டோரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதும்போது அதை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். 1922-ல் வந்த ஜாய்ஸின் ‘யுலிசீஸ்’ நாவலின் கடைசிப் பகுதியில் நிறுத்தக்குறிகள் அநேகமாக இல்லை என்பது பிரபலமாகிவிட்டதால், குறியை எடுத்தால் நனவோடை என்ற எண்ணம் வந்துவிட்டது. 1925-ல் வந்த வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிஸஸ் டாலோவே’யைத் திறந்து பாருங்கள், காற்புள்ளியும் அரைப்புள்ளியும் நிறைந்து கிடக்கும். ஒரு நினைவிலிருந்து அடுத்த நினைவுக்கு எதைப் பிடித்துத் தாவுகிறது என்பதுதான் விஷயம். ஒரு வாசனை, ஒரு சத்தம், பாதி கேட்ட பெயர் என்று அந்தப் பிடி துல்லியமாக இருந்தால் எத்தனை முற்றுப்புள்ளி போட்டாலும் ஓடும். பிடி இல்லாமல் புள்ளியை மட்டும் எடுத்தால் எனக்கு வேலை கூடும், அவ்வளவுதான்.

இரண்டாம் பாதிக்கு: கூட்டத்தில் பேசியவரிடம் திருக்குறளின் 125-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். பெயரே ‘நெஞ்சொடு கிளத்தல்’. இந்த நோய்க்கு ஒரு மருந்தை நினைத்துச் சொல்ல மாட்டாயா என்று நெஞ்சைக் கேட்பதில் அது தொடங்குகிறது. 130-ஆம் அதிகாரம் ‘நெஞ்சொடு புலத்தல்’. அவருடைய நெஞ்சு அவர் பக்கம் நிற்கிறது, நீ ஏன் என் பக்கம் நிற்கவில்லை என்று தன் நெஞ்சோடு அங்கே சண்டை. சங்க அகப்பாடல்களில் கதைசொல்லியே கிடையாது. தலைவி கூற்று, தோழி கூற்று, ‘தன் நெஞ்சிற்குச் சொல்லியது’ என்று அடிக்குறிப்பு மட்டும் இருக்கும், மீதியெல்லாம் குரல்கள். தனக்குள் பேசும் ஆளை எழுதுவது நமக்குப் புதிது இல்லை.

ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடவும் மாட்டேன். அங்கே நெஞ்சு எதிரில் உட்கார்ந்திருக்கும் இன்னோர் ஆள். அதை ‘நீ’ என்று கூப்பிட்டு, காரணம் கேட்டு, ஒழுங்காக வாதிடுகிறார்கள். நனவோடையில் யாரும் யாரிடமும் பேசவில்லை, வாதம் பாதியில் அறுந்து வேறெங்கோ போய்விடுகிறது. இந்த இரண்டையும் ஒரே கதையில் யாராவது முயன்று அனுப்பினால் நான் ஆவலோடு படிப்பேன். பாத்திரம் நிலைகுலையும்வரை அறுந்த எண்ணங்கள், தெளிந்தபிறகு நெஞ்சோடு நேருக்கு நேர்.

கேள்வி: ஒரே காட்சியில் இரண்டு மூன்று பேரின் மனதுக்குள் போகலாமா?

போகலாம், பெரிய நாவலாசிரியர்கள் போயிருக்கிறார்கள். ஒரு பத்தியின் நடுவில் மட்டும் ஆளை மாற்றாதீர்கள். மேலே சொன்ன ‘அக்கா’ உத்தியை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கமலாவின் பத்தியில் ‘அக்கா’வாக இருந்தவள் அடுத்த பத்தியில் தன் மனதுக்குள் போனதும் விமலா ஆகிவிட வேண்டும், கமலா அங்கே ‘தங்கச்சி’. சிறுகதையில் ஒரு மனம் போதும் என்பது என் கட்சி.

கேள்வி: எண்ணங்களே இல்லாமல், வெறும் பேச்சை மட்டும் வைத்துக் கதை எழுத முடியுமா?

முடியும். 1927-ல் வெளியான ஹெமிங்வேயின் ஒரு சிறுகதையில் ஓர் ஆணும் பெண்ணும் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். கருக்கலைப்பைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் அந்தச் சொல் கதையில் ஓர் இடத்தில்கூட வராது. யாருடைய மனதுக்குள்ளும் நீண்ட நேரம் போவதில்லை. நாமே எல்லாவற்றையும் ஊகித்துக்கொள்கிறோம். இதை முயல்கிறவர்கள் செய்யும் தவறு, பாத்திரங்களை ஒருவருக்கொருவர் தெரிந்த தகவலையே சொல்ல வைப்பது. “உனக்குத்தான் தெரியுமே, அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது” என்று எந்த அண்ணன் எந்தத் தங்கையிடம் சொல்வான்? “அப்பா சட்டை இன்னுமா வச்சிருக்க?” என்று கேட்பான்.

கேள்வி: என் கதைகளில் வரும் நீளமான மன ஓட்டங்களைப் பத்திரிகைகள் வெட்டிவிடுகின்றன. உங்களுக்கெல்லாம் அகம் பிடிக்காதா?

பிடிக்கும். வெட்டப்படும் பகுதிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வருகின்றன. பாத்திரம் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறது, ஜன்னலோரம் நிற்கிறது, அல்லது பயணத்தில் தலையைச் சாய்த்திருக்கிறது. செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை, அதனால் யோசிக்கிறது. இதே யோசனையை அவளுக்கு நேரமே இல்லாத இடத்தில் வையுங்கள். எதிரே ஒருவர் பதிலுக்காகக் காத்திருக்கும்போது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே, நான்கு வரி. அங்கே நினைப்பவள் எதையோ மறைக்கிறாள் அல்லது எதையோ முடிவு செய்கிறாள். அதை வெட்டினால் பதில் புரியாமல் போய்விடும் என்பதால் எந்த ஆசிரியரும் கை வைக்க மாட்டார். உங்கள் கடைசிக் கதையில் மூன்றாம் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டு, அந்தப் பத்தியை ஆறாம் பக்கத்தில் அம்மா கேள்வி கேட்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பாதியாகக் குறைத்து அனுப்புங்கள். படிக்கிறேன்.